மணியை அழுத்தாத கதாநாயகி

மதிப்பிற்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தங்கள் நாவல்களை விடாமல் படித்துவரும் வாசகன். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். தங்கள் புதிய நாவலின் கதாநாயகியைப் பற்றி எனக்குச் சில மனக்குறைகள் உண்டு. பெரிய மனது பண்ணிப் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

போதும். பதிப்பகத்தில் யாராவது பிரித்துப் பார்த்தால் இதற்குள் சலித்துப்போய் மூடி வைத்திருப்பார்கள். இனி உனக்குத்தான் எழுதுகிறேன், வாயாடி. அப்பாதான்.

ஏன் பதிப்பக முகவரிக்கு எழுதுகிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். வீட்டு முகவரிக்குப் போட்டால் யார் கையில் முதலில் பிரியுமோ, தெரியாது. போனில் பேசலாம் என்றால் நீ போனை எடுத்ததுமே குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடுகிறது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாய் என்பது எனக்கா தெரியாது? பக்கத்தில் மாப்பிள்ளை இருமுவதுகூடக் கேட்கிறது. எழுதி முடித்த நாவலைக் கொடுக்க மாதம் ஒருமுறை நீ மட்டும் தனியாகப் பதிப்பகத்துக்குப் போவாய் என்று எப்போதோ சொன்னது நினைவிருந்தது. இதை அங்கேயே உட்கார்ந்து படித்துவிடு. வீட்டுக்கு எடுத்துப் போகாதே.

இப்போது உன் கதாநாயகிக்கு வருகிறேன். அவள்மேல் எனக்கு வந்திருக்கும் கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. போன வாரம் நாவலைப் படித்துக்கொண்டிருந்தபோது என்னையறியாமல் "அறிவிருக்கா உனக்கு?" என்று சத்தமாகக் கத்திவிட்டேன். அடுத்த வீட்டு டீச்சரம்மா கதவைத் தட்டி, "மக வந்திருக்காளா? பேச்சுச் சத்தம் கேட்டுச்சே!" என்று சந்தோஷமாக எட்டிப் பார்த்தார்கள். இல்லைங்க, புஸ்தகம் என்றேன். பாவம், சரி சரி என்று போய்விட்டார்கள். அதற்குப் பிறகு எனக்குப் படிக்க ஓடவில்லை.

அந்தப் பெண் நடந்தால் தடுக்கி விழுகிறாள். விழுந்தால் சரியாக அவன்மேல்தான் விழுகிறாள். இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்து மயங்குகிறாள். அவ்வளவு படித்து, வேலைக்குப் போய், நாலு பேரை வேலை வாங்கிக்கொண்டிருந்தவள், அவன் முகத்தைச் சுளித்தான் என்று வேலையை விட்டுவிடுகிறாள். அவன் அவளுடைய போனை வாங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டுகிறான், அதற்குப் பெயர் உரிமையாம்! கூட்டத்துக்கு நடுவே மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிறான், இவளுக்கு நெஞ்சு படபடக்கிறதாம். கையைப் பிடித்து இழுத்தால் வலிக்கும் அம்மா. படபடக்காது.

கடைசியில் யார் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று பார்த்தால், இவள்தான் கேட்கிறாள். எதற்கென்று தேடித்தேடிப் பார்த்தேன். எனக்குப் புரியவில்லை.

நான் இந்த மாதிரிக் கதைகளுக்குப் புதிது என்று நினைக்காதே. நீ எழுதிய முதல் நாவலிலிருந்து ஒன்று விடாமல் படிக்கிறேன். அட்டையில் ஆணும் பெண்ணும் ஒட்டிக்கொண்டு நிற்பதால் செய்தித்தாளால் உறை போட்டு, வேலைப் பையில் ஸ்பேனருக்குக் கீழே வைத்துக்கொண்டு போவேன். கூட வேலை செய்கிறவர்கள் நான் பெரிய தத்துவமெல்லாம் படிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும்.

அந்த முதல் கதையில் ஒருத்தி வந்தாளே! பேருந்தில் இடித்தவனைப் பார்த்து, "ஏன் சார், உங்க கை வாடகைக்கா வந்திருக்கு, கண்ட இடத்துல வைக்கறீங்க?" என்று கேட்டவள். படித்துவிட்டுத் தனியாக எவ்வளவு நேரம் சிரித்தேன் தெரியுமா! அந்த வாய் யாருடைய வாய் என்று எனக்குத் தெரியும். அவளும் காதலித்தாள். ஆனால் அவளைக் காதலிக்க அவன் நாயாய் அலைந்தான்.

வாடகை நூலகம் வைத்திருக்கும் அக்காவுக்கு நீ என் மகள் என்பது தெரியாது. புதிய நாவலைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த அக்காவாகவே சொன்னார்: "இந்தம்மா முன்ன மாதிரி எழுதறதில்ல சார். முன்னெல்லாம் ஹீரோயின் நறுக்குனு பேசுவா. இப்ப வர்றதெல்லாம் ஒரே அழுகாச்சி. எழுதறவங்களுக்கு என்ன கஷ்டமோ, என்னமோ." அவர் போகிற போக்கில் சொன்ன அந்தக் கடைசி வார்த்தையை வீடு வரைக்கும் சுமந்துகொண்டு வந்தேன்.

நம் வீட்டுக்குத்தான் லிஃப்ட் கிடையாதே. லிஃப்ட்டுக்காரன் வீட்டுக்கு லிஃப்ட் இல்லை என்று நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாய். இப்போது மூன்றாவது மாடி ஏறுவதற்குள் நடுவில் ஒருமுறை நிற்க வேண்டியிருக்கிறது. பயப்படாதே, முழங்கால்தான். டாக்டர் நெஞ்சு நன்றாக இருக்கிறது என்றார்.

நெஞ்சைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், உன் கதைகளில் அப்பாக்களுக்கெல்லாம் நெஞ்சுவலி வந்துவிடுகிறது. ஒருத்தர் மகளுடைய கல்யாணத்துக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தார். இன்னொருத்தர் விபத்தில் போனார். இந்தப் புதிய நாவலில் அந்தத் தொந்தரவும் வேண்டாமென்று முதல் பக்கத்திலேயே சுவரில் படமாக மாட்டிவிட்டாய். உன் அம்மா போனது உண்மைதான், அதை நீ எழுதினால் புரிந்துகொள்வேன். ஆனால் நான் இன்னும் இருக்கிறேனே, கண்ணு!

கோபத்தில் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்குப் போக ஓர் இடம் இருந்தால் கதை பாதியில் முடிந்துவிடும் என்பதால் அப்பாவைக் கொன்றுவிடுகிறாய் போலிருக்கிறது. அது கதைக்குச் சரி.

என்னால் தாங்க முடியாமல் போனது லிஃப்ட் வரும் இடம்தான். லிஃப்ட் பாதியில் நின்றுவிடுகிறது. உள்ளே அவனும் அவளும். அவன் ஏதோ கோபத்தில் சுவரை ஓங்கிக் குத்துகிறான். அவள் மூலையில் சுருண்டு உட்கார்ந்து அழுகிறாள், மூச்சு முட்டுகிறது என்கிறாள். லிஃப்ட்டுக்குள் மூச்சு முட்டாது. காற்றுப் போகிற மாதிரிதான் செய்திருப்பார்கள். இது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில், பொத்தான்களுக்குக் கீழே மணி இருக்கிறது. இரண்டு பக்கம் அழுகிறாள், ஒருமுறைகூட அவள் அதை அழுத்தவில்லை.

நாலாவது படிக்கும்போது நீ மாட்டிக்கொண்டாயே, ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூட விடுமுறை. என்னோடு வேலைக்கு வந்துவிட்டு, பேச்சைக் கேட்காமல் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தாய். நடுவில் நின்றுவிட்டது. மணியை அழுத்தினாய் பார், கட்டடமே அதிர்ந்தது! நான் மேலே மெஷின் ரூமுக்கு ஓடி, மெயினை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றித் தளத்துக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்தால், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்ன சர்வீஸ் பண்றீங்க நீங்க?" என்று கேட்டாய். அன்றைக்கு வைத்த பெயர்தான் வாயாடி.

அந்த வாயாடி போன முறை வீட்டுக்கு வந்தபோது, "டீ போடட்டுமாம்மா?" என்று கேட்டேன். நீ மாப்பிள்ளையைப் பார்த்தாய். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "வேணாம்ப்பா, இன்னொரு நாள்" என்றாய். டீக்குக்கூடவா அம்மா? நீங்கள் கிளம்பிப் போன பிறகு நான் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நுனியில்தான் உட்கார்ந்திருந்தாய்.

அப்போதிலிருந்து உன் நாவல்களை நான் கதையாகப் படிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொல்வது, "நல்லா இருக்கேன்ப்பா, நீங்க சாப்பிட்டீங்களா?" மட்டும்தான். அதில் எனக்குச் சேதி எதுவும் இல்லை. அதனால் புத்தகத்தில் தேடுகிறேன். ஒருவேளை நான் தனியாகவே கிடந்து இல்லாததையெல்லாம் நினைத்துக் குழம்புகிறேனோ என்னவோ. அப்படி இருந்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் கிடையாது. நன்றாகத் திட்டி ஒரு கடிதம் போடு. கிழவா, உனக்கு லிஃப்ட்டே போதும், நாவல் வேண்டாம் என்று எழுது. வாங்கிக்கொள்கிறேன்.

அப்படி இல்லையென்றால் இதைக் கேள். இத்தனை வருஷ வேலையில் நான் பார்த்தது ஒன்று உண்டு. மாட்டிக்கொண்டவர்களுக்கு முதலில் வேண்டியது கதவு திறப்பது இல்லை. வெளியே ஆள் வந்தாயிற்று என்று தெரிவதுதான். அதனால் நாங்கள் போனதும் முதலில் கதவைத் தட்டி, வந்துட்டோம் என்று குரல் கொடுப்போம். உடனே உள்ளே அழுகை நின்றுவிடும். இந்தக் கடிதத்தை நான் கதவைத் தட்டியதாக வைத்துக்கொள்.

நீ நீளமாக எதுவும் சொல்ல வேண்டாம். காரணமும் வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, சாப்பிட்டீங்களா என்று கேட்பதற்குப் பதிலாக, "லிஃப்ட் ஓடுதாப்பா?" என்று கேள். பக்கத்தில் யார் இருந்தாலும், அப்பாவுடைய வேலையைப் பற்றி விசாரிக்கிறாய் என்றுதான் நினைப்பார்கள். நான் "ஓடுதும்மா" என்று மட்டும் சொல்லுவேன். போனை வைத்த கையோடு கிளம்பிவிடுவேன். நான் வாசலில் வந்து நின்றதும் நீ அப்படியே கிளம்பி வா, மாற்றுத்துணிகூட எடுக்க வேண்டாம்.

உன் அறையில் ஜன்னல் கொக்கியைச் சரி பண்ணிவிட்டேன். மேசை ஆடுகிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பாயே, அதன் காலுக்கும் கட்டை வைத்தாயிற்று. இங்கே உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். எப்படிப்பட்ட கதாநாயகியை வேண்டுமானாலும் எழுது, நான் வாயைத் திறக்க மாட்டேன். தடுக்கி விழட்டும், பரவாயில்லை.

மணியை மட்டும் அழுத்தச் சொல் அம்மா. கேட்பதற்கு ஆள் இருக்கிறது.

நீ தைரியமாக, உடம்புக்கும் மனதுக்கும் ஒரு குறையும் இல்லாமல், பழைய வாயோடு நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
எந்தக் கதையிலும் இல்லாத, இன்னும் உயிரோடிருக்கும்
உன் அப்பா