பத்து மணிக்கு ரிலீவர்

பழைய ஐநூறு ரூபாய் நோட்டு செல்லாது என்று சொல்லி பேங்க் வாசலில் எல்லோரையும் நிறுத்தி வைத்தார்களே, அதே சமயம் புயல் வந்து மேனாம்பேட்டில் மரங்களையெல்லாம் சாய்த்துப் போட்டதே, அந்த வருடம்தான் என் மனைவி வாதம் வந்து விழுந்தாள். வலது கையும் காலும் போயின. பேச்சு பாதி போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் முதல், தினம் காலை பத்து மணிக்கு வருகிறேன் என்று நீ சொன்னாய். வந்தாய், இல்லை என்று சொல்லவில்லை. ஒரு நாளாவது பத்து மணிக்கு வந்தாயா?

இன்று காலை எதிர்வீட்டுக் குக்கரில் தண்ணீர் வற்றி, ரப்பர் வளையம் தீயும் வாசனை வந்தது. கதவைத் தட்டிச் சொன்னேன். "ஐயோ, மீட்டிங்ல இருந்தேன் அங்கிள்" என்று அந்தப் பெண் உள்ளே ஓடினாள். அந்த வாசனையோடு நம் பாய்லர் கூடம் கண்முன் வந்து நின்றது. பின்னாலேயே நீயும் வந்தாய், வழக்கம்போலத் தாமதமாக. எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். சாயங்காலம் வேலை முடித்துவிட்டு அந்தப் பெண்தான் நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தாறு வருடம் ஒரே பாய்லரைப் பார்த்தோம். எந்த ஷிப்டாக இருந்தாலும் எனக்குப் பின்னால் நீ. என்னை மாற்றிவிட வேண்டிய ரிலீவர் நீ. ரிலீவர் வந்து நிற்காமல் பாய்லரை விட்டு நகரக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் சட்டம். மற்றவர்கள் சங்கு ஊதியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் மட்டும் நெருப்புக்கு முன்னால் நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பத்து நிமிடம், இருபது நிமிடம். வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருகிற உனக்குக் காரணமா கிடைக்காது?

"இன்னா மச்சான், மூஞ்சி பாய்லர் கணக்கா கீது? திருநின்றவூர்ல நிறுத்திட்டான்பா."

"நேத்தும் அதே வண்டிதானே? நேத்து ஏன் லேட்டு?"

"நேத்து மாடு குறுக்கால வந்துச்சு. இன்னிக்கி சிக்னலு."

உன்னிடம் முழுசாகக் கோபித்துக்கொள்ளவும் எனக்கு வழியில்லை. மணிக்கு ஒரு தரம் பிரஷர், தண்ணீர் மட்டம் எல்லாவற்றையும் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தெரியும், எழுதத் தெரியாது. எட்டு மணி நேரத்தையும் மண்டையில் வைத்திருந்து, நீ வந்ததும் ஒப்பிப்பேன். நீ எழுதுவாய். ஒரு நாளும் நான் மாற்றிச் சொன்னதில்லை. எனக்கு எழுத்து தெரியாது என்று நீ ஒருவரிடமும் சொன்னதில்லை. உன் தாமதத்தை நானும் வெளியே விட்டதில்லை. ஆனால் கேட்டில் உட்கார்ந்திருந்த டைம் ஆபீஸ்காரன் விடுவானா? ஒரு நிமிடம் பிந்தினாலும் உன் பெயரைச் சிவப்பு மையில் சுழித்து வைப்பான். நீ அவனுக்குச் 'சிவப்பு மை' என்றே பெயர் வைத்தாய். கூடத்தில் எல்லோருக்கும் அவன் அப்படியே ஆகிப்போனான்.

என் மகன் பிறந்த அன்று பகல் ஒன்றரைக்கே ஆள் வந்து சொல்லிவிட்டான். குழந்தைக்குக் கொடி சுற்றிக்கொண்டது, தாய்க்கும் ஆபத்து என்று. ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிகிறது. நீ இரண்டே முக்காலுக்கு வந்தாய். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடப்போனவனைக் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

"சொல்லிட்டுப் போ. ஆறு மணிக்கு பிரஷர் எவ்ளோ?"

"டேய், அங்க அவ செத்துப் பூடுவாடா."

"சொல்லாம போனா இங்க நான் செத்துடுவேன். சொல்லு மாமே."

ஆறு மணியில் ஆரம்பித்து எட்டு மணி நேரக் கணக்கையும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருந்ததைப் பார்த்து, சரியாக மாட்டிக்கொண்டு ஓடினேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். நாற்பத்தைந்து நிமிடம் என்னை நிற்க வைத்ததற்கு உன்மேல் இருந்த ஆத்திரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ரிட்டயர் ஆன பிறகாவது விட்டதா? அவள் படுத்த பிறகு மறுபடி நீ எனக்கு ரிலீவர் ஆனாய். பத்தேகாலுக்கோ பத்தரைக்கோ வருவாய். வாசலிலேயே நின்று, "சொல்லு" என்பாய். ரெண்டு இட்லி தின்றாள், மாத்திரை ஆயிற்று, இடது பக்கம் திருப்பிப் படுக்க வைத்திருக்கிறேன் என்று ஒப்பிப்பேன். "சரி, போ" என்பாய். ஒரு மணி நேரம் வெளியே போய்வர நான் படி இறங்கும்போது உள்ளே அவள் சிரிக்கிற சத்தம் கேட்கும். என்னைப் பற்றி என்ன கட்டிவிட்டாயோ. ராத்திரியும் பகலும் பார்த்துக்கொள்கிறவன் நான், சிரிப்பு மட்டும் உனக்கு.

ஒரு நாள் போகவில்லை என்று அடம்பிடித்தேன். "ஸ்டீம் போறதுக்கு வழி வுடணும் மச்சான். வால்வை இறுக்கிக் கட்டிட்டு, நான்தான் நல்லவன்னு நின்னுகினு இருந்தா கூடமே பூடும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாய். என் வீட்டுக் கதவை, என் முகத்துக்கு நேராக.

போன தை மாதம் நீ போனாய். உன் ஆயுசில் நேரத்துக்கு முன்னால் கிளம்பியது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் நான் சரியாகக் கீழே இறங்கவில்லை. டாக்டர் எனக்கும் பிரஷர் என்கிறார். தினம் ஒரு மணி நேரம் நடக்க வேண்டுமாம், நான் விழுந்தால் இரண்டு பேரும் போவோமாம். சொல்வதற்கு ஆள் நிறைய. மனதை லேசாக வையுங்கள், தியானம் செய்யுங்கள். அவள் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருகிறேன் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. சம்பளத்துக்கு ஒரு பெண் வந்தாள். அவள் ஊட்டினால் இவள் வாயைத் திறக்கவில்லை. நாலாம் நாள் அவளும் நின்றுவிட்டாள். மகன் வானகரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்து என் போனில் எதையோ ஏற்றினான்.

"நைனா, இதுல ஒரு லேடி பேசும். மூச்சை இழுன்னா இழு, வுடுன்னா வுடு. டென்ஷன் பூடும்."

"எழுபத்தி மூணு வருசமா யார் சொல்லிடா மூச்சு வுட்டுகினு கீறேன்? நீ அம்மாகிட்ட ஒரு மணி நேரம் குந்து. நான் டீ குடிச்சிட்டு வரேன்."

குந்தினான். நான் சட்டையில் கையை நுழைப்பதற்குள் ஆபீஸிலிருந்து போன் வந்து பால்கனிக்குப் போய்விட்டான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை, அவனை எப்போது யார் மாற்றிவிடுகிறார்கள்?

இவளோ பத்து மணியானால் கண்ணை வாசலுக்குத் திருப்புவாள். "வந்தாரா?" என்பாள். நீ போனது அவளுக்குத் தெரியும், சொல்லியிருக்கிறேன். ஆனாலும் கேட்பாள். நானும், "ரயிலு லேட்டு" என்பேன். அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

இன்று குக்கர் வாசனை அடங்கிக் கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது. பத்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது. அவளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தேன், பாதி வாரல். சீப்போடு போய்க் கதவைத் திறந்தால் கைத்தடியோடு டைம் ஆபீஸ்காரன் நிற்கிறான். பதினைந்து வருடமாகப் பார்க்காத முகம். இரண்டு மாடி ஏறிய மூச்சு வாங்குகிறது.

"உன் கூட்டாளி ஆஸ்பத்திரில இருக்கசொல்ல கூப்ட்டு அனுப்சான். பத்து மணிக்கிப் போய் குந்து, அவனை ஒரு மணி நேரம் வெளிய அனுப்புன்னான். எனக்கு அப்போ முட்டி ஆபரேசன். இப்பத்தான் படி ஏற முடியுது."

"என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொன்னா வேணான்னுவியாமே."

வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஊரில் வேறு ஆளா கிடைக்கவில்லை உனக்கு? நீ ஏற்பாடு செய்த ஆளும் பார், ஆறு மாதம் லேட்டு.

"உள்ள வா" என்றேன்.

"அஞ்சு நிமிசம் கீதே. நீ வாரி முடி" என்று சொல்லி வெளியிலேயே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான். நேரத்துக்கு வருகிறவனும் தொல்லைதான் என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

சரியாகப் பத்துக்கு உள்ளே வந்தான். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டும் பேனாவும் எடுத்தான். "சொல்லு" என்றான். நீ சொல்கிற அதே சொல். ஆறு மணிக்குக் காபி, ஏழுக்கு மாத்திரை, எட்டரைக்கு இரண்டு இட்லி, இடது பக்கம் திருப்பியிருக்கிறேன் என்று ஒப்பித்தேன். ஒன்றையும் விடவில்லை. குனிந்து பார்த்தேன். நீல மைதான்.

அவள் வாசல் பக்கம் கண்ணைத் திருப்பி, "வந்தாரா?" என்றாள்.

என்ன சொல்ல? நீ வைத்த பெயரை அவன் எதிரில் சொல்ல முடியாது. பாய்லரில் நம்மோடு மூன்றாவது ஆளாக இருந்த கன்னியப்பன் எப்போதோ போய்விட்டான், நீ தையில் போனாய். அந்த கேட்டுக்குள் நம்மோடு நுழைந்தவர்களில் என்னைத் தவிர மிச்சம் இருப்பது இவன் ஒருவன், இவனுடைய சொந்தப் பெயரை இத்தனை வருடத்தில் நாம் ஒரு தரமாவது கூப்பிட்டிருக்கிறோமா? மண்டைக்குள் தேடினேன். கிடைத்தது. சட்டையை மாட்டிக்கொண்டு, அவள் காதருகே குனிந்து சொன்னேன்.

"தேவராஜ் வந்துகிறாரும்மே."