உன் பேத்தி சோறு தின்னப் பழகிவிட்டாள்

என் ஆசை மதினி அங்கம்மாவுக்கு,

நீ மண்ணுக்குள் போய் வருசம் முடியப்போகிறது. நீ கண்ணால் பார்க்காமலே போன உன் பேத்திக்குக் கீழே இரண்டு பல் முளைத்துவிட்டது. தனு என்று கூப்பிடுகிறோம். மூக்கு உன்னுடையது. பிடிவாதமும் உன்னுடையதுதான். உன் மகள் கலாவிடம் அதைச் சொன்னால் முகம் சுருங்குகிறது, அதனால் உன்னிடமே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஞாபகம் கோணாது, அது உனக்கே தெரியும். நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும், நான் எழுதுவது உனக்குத்தான்.

தனுவுக்கு ஆறு மாதம் முடிந்ததும் மிட்வைஃப் மிஸ்ஸி நம் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கே வந்து சொன்னாள். "சோறும் பரிப்பும் குழைய வேக வச்சு மசிச்சுக் குடுங்க. கரண்டியச் சாய்ச்சா வழியக் கூடாது, கெட்டியா இருக்கணும். உப்பும் சீனியும் இப்ப வேணாம். தேயிலைச் சாயத்தண்ணிய கண்ணுலயே காட்டாதீங்க."

நான் விடுவேனா? "சாயத்தண்ணியில ரொட்டிய ஊற வச்சுக் குடுத்துத்தான் எங்க புள்ளைக வளந்துச்சு. மலை ஏறலையா?"

"ஏறுனாங்கம்மா. பாதி மலையிலயே மூச்சு வாங்குச்சா இல்லையா? ஒடம்புல ரத்தம் இருந்துச்சா?"

கொழுந்துக் கூடையோடு நான் மயங்கி விழுந்ததும், நீ என் முகத்தில் தண்ணீர் அடித்ததும் ஞாபகம் வந்தது. அவள் சொன்னது சரிதான். ஆனாலும் லயமே பார்க்க என்னைக் கேட்டாளே, அதை நான் மறக்கவில்லை.

அவள் சொன்னபடியே செய்தேன். சிவப்பரிசியும் பரிப்பும். அடுத்த நாள் கரட். அதற்குப் பிறகு உருளைக்கிழங்கு, முட்டை மஞ்சள் கரு. நெத்தலியை வறுத்து இடித்துச் சலித்து ஒரு சிட்டிகை. உன் பேத்தி எல்லாவற்றையும் நாக்கால் வெளியே தள்ளினாள். முழுநாள் சம்பளத்துக்கு முழுப்பேர் போடச் சொன்னால் மேற்பார்வைக் கண்டாக்கு முகத்தைத் திருப்புவாரே, அதே மாதிரி திருப்பிக்கொள்வாள். என் சேலையில் தனு துப்பாத இடம் இல்லை.

மத்தியானம் கலா மலையிலிருந்து இறங்கி வருவாள். வாசலிலேயே கேட்பாள், "சாப்பிட்டாளா மாமி?"

"இல்லடி."

அப்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். மறைத்துக்கொண்டு பிள்ளையை வாங்கிப் பால் கொடுப்பாள். நான் சமைத்தது தோற்றதில் இவளுக்கு இவ்வளவு சந்தோசமா என்று நினைத்தேன். அதையும் மனசில் முடிந்து வைத்தேன்.

பிறகுதான் விசயம் தெரிந்தது. என் மகன் ரவி, கலாவின் புருசன், கொழும்புக் கடையில் மூட்டை தூக்கி இடுப்பை உடைத்துக்கொண்டு வந்து கிடக்கிறான். தோட்டத்தில் வாரத்துக்குப் பாதி நாள்தான் வேலை. அதிலும் கொழுந்து குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்க ஆள் கேட்டார்களாம். தனு சோறு பழகியதும் வருகிறேன் என்று கலா வாக்குக் கொடுத்திருக்கிறாள். பிள்ளை துப்பும் ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஒரு நாள் தவணை, மதினி. அது தெரியாமல் நான் நெத்தலி இடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மஞ்சள் பூசணி வட்டக்காயை மசித்துச் சோற்றில் பிசைந்து கொடுத்தேன். விழுங்கினாள். அடுத்த வாய்க்குத் தானே "ஆ" என்றாள். இஸ்தோப்புத் திண்ணையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். "ராசாத்தி வட்டக்காய்க்கு மயங்கிட்டாளே!" என்றாள் பக்கத்துக் காம்பரா வீட்டு மாரியாயி. கலாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை என்று போய்ப் பார்த்தேன். வாளி நிறைந்து தண்ணீர் வழிந்து ஓடுகிறது. இவள் முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு நிற்கிறாள்.

அங்கே வைத்துத்தான் உன் ஞாபகம் வந்தது.

நீயும் இப்படித்தானே கொழும்புக்குப் போனாய்? கலாவுக்கும் அப்போது இந்த வயசுதான். "நான் போறத புள்ள பாத்துரக் கூடாது, சோத்த ஊட்டி உள்ளேயே வச்சிரு மதினி" என்றாய். பெரியவர்களும் அதையே சொன்னார்கள். நான் உள்ளே ஊட்டினேன், நீ லயத்துக்குப் பின்னால் கோடிப்பக்கமாகப் போனாய். பிள்ளை கதவைப் பார்த்தபடியே தின்றது.

வருசம் கழித்துத் திரும்பி வந்து கையை நீட்டினாய். அவள் என் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். சோற்றுக் கிண்ணத்தை வாங்கி நீ ஊட்டப் பார்த்தாய், வாயே திறக்கவில்லை. கிண்ணத்தை டங்கென்று வைத்துவிட்டு, லயமே கேட்கச் சொன்னாய்: "சோத்தப் போட்டு எம் புள்ளைய மயக்கிட்டியே!"

நம் பிள்ளைகள் கல்யாணத்தில் நீ பரிமாறிய பாயாசத்தை நான் தொடவில்லை. கவனித்தாயா? மகளையே என் வீட்டுக்குக் கொடுத்தாய். அந்த ஒரு வார்த்தையை மட்டும் கடைசிவரை திருப்பி எடுக்கவில்லை.

நீ கொழும்பில் இருந்தபோது, புள்ள நல்லா சாப்பிடுது, கவலைப்படாத என்று போகிற வருகிற ஆளிடமெல்லாம் சொல்லி அனுப்பினேன். நீ சந்தோசப்படுவாய் என்று நினைத்தேன். அதைக் கேட்டு நீயும் யார் வீட்டுக் குழாயடியிலாவது இப்படித்தான் நின்றாயா? இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

மறுநாள் சோற்றைப் பிசைந்து கிண்ணத்தைக் கலா முன்னால் வைத்தேன். "இனி நான் ஊட்ட மாட்டேன். போற வரைக்கும் நீயே ஊட்டு."

"நான் ஊட்டிப் பழக்கிட்டா, போன பொறகு ஏங்கிப் போவா மாமி."

"ஏங்கட்டும்டி. ஏங்குறதுக்கு ஒருத்தி இருக்கான்னு தெரியணும்ல?"

கலா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முதல் வாயை உன் பேத்தி அவள் கன்னத்திலேயே துப்பினாள். துடைக்காமல் அடுத்த வாய் கொடுத்தாள்.

போன வாரம் கலா வட்டவளையில் ரயில் ஏறினாள். கோடிப்பக்கமாகப் போக நான் விடவில்லை. காலையில் ஊட்டிவிட்டு, இஸ்தோப்பில் நின்று, "அம்மா போயிட்டு வாரேன் தங்கம்" என்று பிள்ளை முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள். தனு வீறிட்டாள். "ஒனக்கென்ன கல்லு மனசா? புள்ளைய உள்ள தூக்கிட்டுப் போ!" என்று மாரியாயி கத்தினாள்.

"அம்மா போறா, மக பாக்குறா. ஒனக்கென்னடி?" என்றேன். மாரியாயியோடு இன்னும் பேசவில்லை.

அன்றைக்கும் மறுநாளும் பிள்ளை சோற்றைத் தொடவில்லை. பால்மாவை மட்டும் குடித்துவிட்டுக் கதவைப் பார்த்தது. நான் பயந்துபோனேன் மதினி. பெரியவர்கள் சொன்னதுதான் சரியோ, நான்தான் பாவியோ என்று இரவெல்லாம் யோசித்தேன்.

அப்புறம் ஒரு சாயங்காலம் கலா போனில் முகம் காட்டினாள். "நெஞ்சு பால் கட்டிக் கல்லா இருக்கு மாமி" என்று அழுதாள். தனு போனைப் பிடித்து நக்கினாள். நான் கிண்ணத்தை எடுத்து வந்தேன். கலா கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கிருந்து "ஆ" என்றாள். இங்கே இவள் வாயைத் திறந்தாள். இப்போது தினமும் அப்படித்தான். ஊட்டுவது உன் மகள், கை மட்டும் என்னுடையது. உன் காலத்தில் இது இல்லாமல் போய்விட்டதே.

'மயக்கிட்டியே' என்ற அந்த வார்த்தை என்னிடம் அப்படியேதான் இருக்கிறது. நான் அங்கே வந்ததும் முதலில் அதைத்தான் கேட்பேன். ஆனால் பாயாசம் கொடுத்தால் குடிப்பேன்.

தீபாவளிக்குக் கலா வருகிறாள். உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். அன்றைக்குச் சோற்றை வேகவைப்பேன், பிசைய மாட்டேன். கிண்ணத்தை உன் மகள் கையில் கொடுத்துவிட்டு மேல் லயத்துக்குப் போய்விடுவேன். தனு என்னைத் தேடி அழுதாலும் திரும்ப மாட்டேன். கலா ஊட்டி முடித்து என்னைக் கூப்பிடும் வரை வீட்டுப் படி ஏற மாட்டேன்.

இப்படிக்கு,
உன் மதினி, உன் சம்மந்தி,
உன் மகளுக்கு முதல் சோறு ஊட்டியவள்,
செல்லாயி