நாற்பது கெண்டைகளும் ஒரு பழியும்

செங்கல்பட்டு விடுதி,
6-8-2024

மாண்புமிகு அப்பா அவர்களுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: இன்று காலை விடுதி இட்லியில் உளுந்து இருந்ததற்கான தடயம் கண்டெடுக்கப்பட்டது. மாணவர்கள் எழுந்து நின்று மரியாதை செலுத்தினர்.

சிரிக்காதீர்கள். கோபத்தில்தான் எழுதுகிறேன். போனையும் பிடுங்கி வைத்திருக்கிறார்கள், வேறு வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துபோன ஒரே காரணத்துக்காக, நேற்று விடுதிக்கே வந்து, வார்டன் முன்னால், "ஷெட்டுல என்னடா பண்ணித் தொலைச்ச?" என்று கத்தினீர்கள். பக்கத்தில், உங்கள் ஷெட் சோதனைக்கு மீன் கொடுத்த ஜெகதீசன் மாமா வேறு. "நாப்பது கெண்டையும் மல்லாந்துகினு கீது தம்பி!"

தொட்டித் தண்ணீரில் சேரும் அம்மோனியாவைப் பிடித்து வைப்பதுதானே உங்கள் கனிம மணிகளின் வேலை? அவை கக்கினால் நானா பொறுப்பு? அயனிப் பரிமாற்றம் என்றால் ஒன்றைப் பிடித்து, பதிலுக்கு ஒன்றை விடுவதாம். மூன்று வருடமாக அதைத்தான் செய்கிறீர்கள். மணியைப் பிடித்தீர்கள், மகனை விட்டீர்கள். பதினைந்தாம் தேதி என் நாடகத்துக்கும் வரமாட்டீர்கள்.

என் குறும்புக்கு ஒரு தரம் உண்டு. எதைச் செய்தாலும் "நான்தான்" என்று கை தூக்குவேன். செய்துவிட்டு ஒளிந்த சரித்திரம் எனக்கில்லை.

இப்படிக்கு,
பழி சுமக்கும்
அபிஷேக்

*

செய்யூர்,
8-8-2024

அன்புள்ள அபி,

உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு. மன்னித்துவிடு.

கோளாறு எங்கே என்று புரிந்துவிட்டது. ஷெட்டில் எனக்கு உதவியாக நம்பி வைத்திருந்த சுஷ்மிதா இந்தத் தடவை மணிகளைச் சரியாகச் சுடவில்லை. "சூளை கிட்டயே நின்னு பார்த்துத்தான் சார் சுட்டேன்" என்று அழுதாள். பொய் வேறா என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

சுடுவதில் சின்னப் பிசகு நடந்தாலே மீன் சாகுமென்றால் இதை எப்படி நம்பி ஊராரிடம் கொடுப்பது? திங்கட்கிழமை காப்புரிமை விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன். மூன்று வருடம் மண்ணாய்ப் போச்சு.

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா

*

செங்கல்பட்டு,
10-8-2024

அப்பா,

தபாலை நம்பினால் திங்கள் தாண்டிவிடும். என்னோடு படிக்கும் ஆதித்யாவின் சித்தப்பா செய்யூர் போகிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வார்டன் அறை போனில் சொல்ல வாய் வரவில்லை.

சுஷ்மிதா அக்காவை எப்படி விரட்டலாம் என்று உங்களைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். மூன்று வரி திட்டிவிட்டுக் கிழித்துப் போட்டேன். திட்டு வாங்க வேண்டிய ஆள் வேறு.

போன ஞாயிறு வீட்டுக்கு வந்தபோது, "தொட்டியில அம்மோனியா அளவு சரியா வந்தாத்தான்டா நாடகத்துக்கு வருவேன்" என்றீர்கள். மணிகள் களைத்துப்போனால் உப்புத் தண்ணீரில் கழுவினால் புதிதாகிவிடும் என்று சொன்னதும் நீங்கள்தான். மத்தியானம் நீங்கள் கண் அசந்த நேரத்தில் இரண்டு கிலோ கல்லுப்பைக் கரைத்து, மணிகள் நிரப்பிய குழாயில் ஊற்றினேன். சாயங்காலம் அளவைப் பார்த்து அசந்துபோவீர்கள், நாடகத்துக்குக் கிளம்பிவிடுவீர்கள் என்று நினைத்தேன். கழுவும்போது மீன் தொட்டிக்குப் போகிற வால்வை மூட வேண்டும் என்று தெரியாது. அதுவரை பிடித்த அம்மோனியாவையெல்லாம் மணிகள் ஒரே மூச்சில் தொட்டியில் விட்டுவிட்டன.

அக்கா சரியாகத்தான் சுட்டிருக்கிறார். மணிகளும் சரி. விண்ணப்பத்தைத் தொடாதீர்கள். அக்கா வீட்டுக்குப் போகும்போது என்னையும் கூட்டிப் போங்கள், நானே சொல்கிறேன். ஆனால் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

இன்னொன்று. நேற்றோ இன்றோ கண்டுபிடித்ததில்லை இது. அன்றைக்கே, ஷெட் ஜன்னலில் மீன்கள் மிதப்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஓடிப்போய் பஸ் ஏறினேன்.

அபி