அண்ணிக்கு மட்டும் வந்த வாசனை

அண்ணி,

இன்று காலை ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கியதும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மலைப்பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிப் போனவள், இரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் ஊருக்கு வருகிறேன். ஈரத் தோலும் சுண்ணாம்பும் ஏதோ அழுகினதும் கலந்த, தோல் பதனிடும் டேனரிகளின் வாசனை. இங்கேயே பிறந்து வளர்ந்த என் மூக்குக்கு ஒரு நாளும் தெரியாத வாசனை. உடனே உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

காட்பாடியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் நீங்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டுதான் சமைப்பீர்கள். "இந்த ஊர்ல எப்படித்தான் சோறு எறங்குதோ உங்களுக்கெல்லாம்" என்பீர்கள். டேனரியில் வேலை பார்க்கிறவரைக் கட்டிக்கொண்டு பேசுகிற பேச்சா இது என்று நான் கேலி செய்வேன். கொஞ்ச மாதத்தில் உங்களுக்கும் அது தெரியாமல் போயிற்று. ஆம்பூர்க்காரி ஆகிவிட்டீர்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் உங்கள் கருப்பையில் அந்தக் கட்டி வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். டாக்டரம்மா காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். ஒரே கட்டிக்குள் இரண்டு விதமான புற்றுநோய். ஒன்று கருப்பையின் உள்படலத்தைச் சேர்ந்தது, இன்னொன்று சதையைச் சேர்ந்தது. அபூர்வமாகத்தான் வருமாம்.

"இதுக்குன்னே தனியா மருந்து கிடையாதும்மா. ரெண்டையும் பிடிக்கிற மாதிரி சேர்த்துக் கொடுக்கிறோம்" என்றார்.

"ஒண்ணு அடங்கி, இன்னொண்ணு அடங்காம போச்சுன்னா?" என்று நான்தான் கேட்டேன்.

"பார்க்கலாம்" என்றார். பள்ளிகொண்டா தாண்டி, மாதனூர் தாண்டி வீடு வரும்வரை அந்த ஒரு சொல் என்னை அரித்தது. நீங்களோ பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்து தூங்கிவிட்டீர்கள்.

முதல் கீமோ முடிந்து வந்த வாரம்தான் ஆரம்பித்தது. "டீச்சரம்மா, டேனரி நாத்தம் ஜாஸ்தியா கீது. உனக்கு வரல?"

"வரலையே அண்ணி."

முடி கொட்டிய தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சிரித்தீர்கள். "மூக்கு மட்டும் மறுபடியும் புதுப்பொண்ணாயிடுச்சு."

அண்ணன் வேலை முடிந்து வந்து, கொல்லையில் சோப்பைத் தேய்தேயென்று தேய்த்துக் குளித்துவிட்டு, உங்கள் அறை வாசலிலேயே நிற்பார். "இன்னும் அடிக்குதா?"

"அடிக்குது. அங்கயே நின்னு பேசுங்க."

நாற்றம் அடித்தால் மருந்து வேலை செய்கிறது என்று நீங்களாகவே முடிவு கட்டிக்கொண்டீர்கள். அப்படியெல்லாம் கிடையாது என்று டாக்டரம்மா சொல்லியும் கேட்கவில்லை. படித்துப் பாடம் நடத்துகிற நானும் உள்ளுக்குள் நம்பினேன். ஒவ்வொரு முறையும் ஊசிக்கு முன்னால் ரத்தம் எடுப்பார்கள். வெள்ளை அணு கம்மி என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று, ரிப்போர்ட் வரும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு தடவை அனுப்பியே விட்டார்கள். அந்த வாரம் முழுக்கக் காலையில் எழுந்ததும் உங்கள் கட்டிலுக்கு ஓடிவருவேன்.

"அண்ணி, நாத்தம் வருதா?"

"வருது, வருது. உனக்கு?"

நீங்கள் ஒருத்தியே அதில் கிடந்து தவிக்க வேண்டாம் என்று, ஒரு நாள் "லேசா வருது அண்ணி" என்றேன்.

"பொய் சொல்லாத. இங்கயே பொறந்தவளுக்கு அது எப்படி வரும்?" என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "நெஜமா வந்தா சொல்லு. தொணைக்கு ஒரு ஆளாச்சு."

எல்லா ஊசியும் முடிந்த பிறகு ஒரு காலை, ஜன்னலைத் திறந்து வைத்து நின்றுகொண்டிருந்தீர்கள். "இன்னிக்கு ஒண்ணுமே அடிக்கல." அண்ணன் நேராக உள்ளே வந்து கட்டிலில் உங்களை ஒட்டி உட்கார்ந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்குத்தான், மருந்து வேலை செய்வது நின்றுபோயிற்றோ என்று பட்டது.

அடுத்த பரிசோதனையில் நுரையீரலில் வந்துவிட்டது என்றார்கள். ஒன்று மருந்துக்குக் கேட்டுவிட்டது, சதையைச் சேர்ந்தது கேட்கவில்லை. உங்கள் உடம்பு இனிமேல் தாங்காது, மருந்து வேண்டாம் என்றார் டாக்டரம்மா. அந்த நாற்றம் திரும்பி வரட்டும் என்று நான் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினேன். டேனரி நாற்றத்துக்காக ஜெபம் பண்ணினவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அது வரவேயில்லை. கடைசிவரை அண்ணன் உங்கள் பக்கத்திலேயே இருந்தார்.

இன்று என்னை அழைத்துப்போக ஸ்டேஷனுக்கு வந்தவரும் அவர்தான்.

"இன்னா, மூக்கப் பொத்திக்கினு நிக்கிற?"

"நாத்தம் அடிக்குதுண்ணா."

அண்ணன் என் பெட்டியை எடுத்துக்கொண்டு, என்னைவிட்டு நாலடி விலகி நடந்தார். நான் கையை இறக்கிவிட்டு ஓடிப்போய் அவரை ஒட்டி நடந்தேன்.

கொஞ்ச நாள் போனால் எனக்கும் இது பழகி மறைந்துவிடும். அந்தப் பயத்தோடுதான் இதை எழுதுகிறேன். நாளைக் காலை எழுந்ததும் ஜன்னலைத் திறந்து முதல் வேலையாக மூச்சை இழுத்துப் பார்ப்பேன். மறுநாளும் பார்ப்பேன்.

இன்றைக்கு வருது அண்ணி. பொய் இல்லை.