மீசை முளைத்த பர்ஸ்

ஏட்டி,

இன்று காலை உங்கள் அப்பா தான் தைத்த புதுப் பர்ஸ்களைக் கொண்டுவந்து பரப்பினார். "ஆன்லைன்ல போடணும்மா. நீதான் போட்டோ எடுத்துத் தரணும்" என்றார். உங்கள் வீட்டு ஜன்னலில் நாம் கட்டும் அதே வெள்ளைப் பெட்ஷீட்டை விரித்தேன். தோல் ஒட்டும் சொல்யூஷன் வாசம். பழக்கத்தில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை நீட்டினேன். வாங்கிக்கொள்ள ஆளில்லை.

நான் படம் எடுப்பேன், நீ வெளிச்சம் பிடிப்பாய். நீ டார்ச் பிடிப்பதே எனக்கு டார்ச்சர் என்பேன். உடனே அதை என் கண்ணிலேயே அடிப்பாய். நினைவிருக்கிறதா, ஒரு நாள் உங்கள் அப்பாவின் பழைய பழுப்பு பர்ஸை அவர் சட்டைப் பையிலிருந்து சுட்டுவந்தோம். அதை மேசையில் வைத்து, ஜன்னலைச் சாத்தி, ட்யூப்லைட்டை அணைத்து, இடது பக்கமிருந்து டார்ச் அடித்தாய். ஒவ்வொரு தையலுக்கும் நிழல் விழுந்தது. தோலின் சுருக்கமெல்லாம் முரட்டுத்தனமாக எழுந்து நின்றது.

"பாத்தியாட்டி, பர்ஸுக்கு மீச மொளச்சிட்டு!"

பிறகு ஜன்னலைத் திறந்து, பெட்ஷீட்டைக் கட்டி வெயிலை வடிகட்டினாய். நிழல் கரைந்தது. அதே தோல் கன்னம் மாதிரி வழவழவென்று ஆனது. "ஷேவிங் முடிஞ்சுது, துட்டக் குடுங்க" என்றேன் நான்.

இரண்டு படங்களையும் அவரிடம் காட்டினோம். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இது ஜென்ட்ஸு, நல்ல உழைக்கும். இது லேடீஸு. ஆனா இத நான் தைக்கலம்மா. எவன் தச்சது?" தன் கையால் தைத்து, தன் பையிலேயே வைத்திருந்த பர்ஸ்! நீ சுவரில் சாய்ந்து சிரித்தாய். நான் ஜன்னலைச் சாத்தி, டார்ச்சைப் பிடுங்கி, அதே இடது பக்கமிருந்து அடித்து உன்னைப் படம் எடுத்தேன். பாதி முகம் இருட்டு, ஒரு கண் மூடல், தெற்றுப்பல் முழுசாக வெளியே. போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுதாம்ட்டி நான். மத்த படத்துலல்லாம் என்னயப் பவுடர் டப்பா ஆக்கிடுதானுவ" என்றாய்.

மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வந்தது நீ இல்லை, சந்து முனையில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனர். பேனர் கடைக்காரர் உன்னை வெள்ளையாக்கி, உதட்டில் சாயம் ஏற்றி, முகத்தைச் சுற்றி ரோஸ் நிறத்தில் பனி மூட்டம் போட்டிருந்தார். ஒரு நிழல் இல்லை. தெற்றுப்பல்லையும் காணோம்.

வீட்டில் மாட்டவாவது வேறு படம் வேண்டுமென்று உன் பெரியம்மாவிடம் என் போனை நீட்டினேன். "பொம்பளப் புள்ள படமாட்டி இது? பாதி மூஞ்சி இருட்டு, ஆம்பளப் பய மாதிரி. பேனர்ல உள்ளதையே மாட்டுங்க, பளிச்சுனு இருக்கு" என்றார். போனை வாங்கிக்கொண்டு சந்து முனைக்கு வந்தேன். உங்கள் அப்பா பேனரை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "இது யாரும்மா?"

நாம் அவரை ஏமாற்றி விளையாடியதுதான் ஞாபகம் வந்தது. இந்த முறை சிரிக்க நீ இல்லை.

அந்த ரோஸ் படம்தான் இன்னும் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. உன் அம்மா தினமும் அதற்குப் பூ வைக்கிறார்.

இன்று படம் எடுத்து முடித்ததும் உங்கள் அப்பா அந்தப் பழைய பழுப்பு பர்ஸை எடுத்தார். உள்ளே போட்டோ வைக்கும் கண்ணாடிப் பை காலியாக இருந்தது. "அந்த டார்ச் அடிச்ச படம் வச்சிருக்கியா?" என்றார். என் போன் கவருக்குள் அதன் பிரிண்ட் இருந்தது. கொடுத்தேன். தோல் வெட்டும் கத்திரியால் ஓரத்தை நறுக்கி, உள்ளே செருகி, ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இவதான்" என்றார்.

என் போன் கவர் இப்போது காலி. ஆனால் யாராவது ஒரு பொருளைக் காட்டி "இது ஜென்ட்ஸா, லேடீஸா?" என்று கேட்டால், பதில் சொல்லுமுன் இடது பக்கம் திரும்பிவிடுகிறேன், நீ டார்ச் அடிப்பாய் என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு.