முடிச்சுப் போட்ட அவரைக்காய்ப் பை

கையைத் திரும்பத் திரும்பச் சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று, வாசனை போகவில்லை. அவரைக்காயின் பச்சை வாசனை. நகக்கண்ணில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பேனாவைப் பிடித்தால் பேனாவில் வருகிறது, காபி டம்ளரைத் தூக்கினால் அதிலும் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். துவைத்த துணி பிழியாமல் வாளியிலேயே கிடக்கிறது. எதிலும் மனசு நிற்காமல் சமையல்கட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துவிட்டு, கடைசியில் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். இதைச் சொல்ல உன்னைவிட்டால் எனக்கு ஆள் இல்லை.

சீசன் வந்துவிட்டது. பங்காருப்பேட்டை பிளாட்பாரத்தில் பூதிகோட்டைப் பெண்கள் கூடையோடு உட்கார்ந்துவிட்டார்கள். போன சீசன் முடிகிற சமயத்தில்தான் நீ காய்ச்சல் என்று லீவு போட்டாய். திரும்பி வரவே இல்லை. லேடீஸ் பெட்டியில் உன் ஜன்னல் சீட்டில் இப்போது ஒரு சின்னப் பெண் காதில் வயரை மாட்டிக்கொண்டு உட்காருகிறாள். அவளைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. பாவம், அவள் என்ன செய்வாள்.

பெங்களூரில் வேலை முடிந்து திரும்புகிற சாயங்கால வண்டியில் நாம் செய்கிற கூத்து உனக்குத் தெரியும். பங்காருப்பேட்டையில் காயை வாங்கினதும் மடியில் பேப்பரை விரித்துக்கொண்டு ஆளாளுக்கு உரிக்க ஆரம்பித்துவிடுவோம். மாரிக்குப்பம் வருவதற்குள் உரித்து முடித்தால்தான் வீட்டுக்குள் நுழைந்த கையோடு அடுப்பைப் பற்றவைக்க முடியும். நீ ஒருத்திதான் காயை வாங்கி, பையின் இரண்டு காதையும் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாய். கார்மென்ட்ஸில் நாளெல்லாம் மெஷின் மிதித்த அலுப்பு என்று நினைத்தேன். பிறகு, சோம்பேறித்தனம் என்றே நினைத்தேன்.

"குடேன், ஆளுக்கு ஒரு பிடி உரிச்சா முடிஞ்சிச்சு."

"வேணா ரிசெப்ஷன், வீட்ல பாத்துக்கறேன்." நான் ஆஸ்பத்திரி ரிசெப்ஷனில் உட்காருகிறவள் என்பதால் எனக்கு நீ வைத்த பெயர் அது.

"வீட்ல யாரு உரிப்பா, உம் பையனா?"

"ஆமா. அவன்தான்."

பெட்டியே சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? உன் கௌதம் காலேஜிலிருந்து வந்ததும் பையை எறிந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறவன் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெட்டியில் எந்த வீட்டு ரகசியம் தங்கியது? எவள் பையன் சயின்ஸ் எடுக்க வேண்டும், எவள் பெண்ணுக்குக் கணக்கு வராது, எந்தக் கோர்ஸுக்கு பெங்களூரில் உடனே வேலை, எல்லாவற்றையும் மாலூருக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் நடுவிலேயே தீர்த்துவைத்தோம். பிள்ளைகளைத் தவிர எல்லோரிடமும் பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். அதிலும் என் குரல்தான் ஓங்கி இருக்கும்.

ஒரு சங்கராந்தி லீவில் உன் தூக்குச்சட்டியைத் திருப்பிக் கொடுக்க பாலகாட்டில் இருக்கிற உன் வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் புத்தர் படத்துக்குக் கீழே பாயை விரித்து, நீயும் கௌதமும் உட்கார்ந்திருந்தீர்கள். டிவி ஓடவில்லை. நடுவில் ஒரு அகலமான தாம்பாளம், ஊறவைத்த அவரைக்கொட்டை. ஒவ்வொன்றாக எடுத்துத் தோலைப் பிதுக்கிப் பருப்பைப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். நானும் சம்மணமிட்டு உட்கார்ந்து, என் வேகத்தில் கடகடவென்று பிதுக்கித் தள்ளினேன். பையன் தண்ணீர் குடிக்க உள்ளே போனதும் என் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தாய்.

"மெதுவா. முடிஞ்சிட்டா எழுந்து பூடுவான்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. கடையில் பிதுக்கினதாகவே பாக்கெட்டில் விற்கிற பருப்பை நீ ஏன் வாங்குவதில்லை, ரயிலில் ஏன் முடிச்சை அவிழ்ப்பதில்லை என்று. காயாக வாங்கினால் உரிக்க ஒரு நாள், ஊறவைத்துப் பிதுக்க இன்னொரு நாள். வாசல்வரை வந்து என்னை வழியனுப்பும்போது சொன்னாய்: "மூஞ்சியப் பாத்துக் கேட்டா அவனுக்குப் பரீச்சை மாதிரி ஆயிடுது. கை வேலைல இருந்தா அவனே சொல்றான்."

அப்புறம் ஒரு நாள் வண்டியில், ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாய். கெமிஸ்ட்ரி கிளாஸில் உட்கார்ந்தால் மூச்சு அடைக்கிறதாம் அவனுக்கு.

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. இன்னொரு பிடி அள்ளிப் போட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள் இப்படி இருந்தால் பிள்ளை எப்படி உருப்படும் என்று பக்கத்து சீட்டிடம் கிசுகிசுத்தேன், உன் காதிலும் விழுந்திருக்கும். அவன் காமர்ஸுக்கு மாறினான், வீட்டில் அவன் அப்பா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார், இப்போது பி.காம் படிக்கிறான். பெரிய வெற்றிக்கதை ஒன்றும் இல்லை. ஆனால் நீ போன அன்று, மெழுகுவர்த்தி எரிகிற அந்தக் கூடத்தில், அழுது வீங்கின முகத்தோடு எல்லோருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தான். "ஆன்ட்டி, கடைசி பஸ் வரைக்கும் வெறும் வயித்துல இருக்காதீங்க" என்றான். பேசத் தெரிந்த பிள்ளையாக விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

என் வீட்டுக் கதையைக் கேள். நிவி பி.யூ.சி முடித்து, நீட் எழுதி, மார்க் போதாமல் இப்போது ராபர்ட்சன்பேட்டையில் லாங் டெர்ம் கோச்சிங் போகிறாள். டாக்டர் ஆக வேண்டும் என்றது யார் ஆசை என்று கேட்காதே. நாளெல்லாம் வெள்ளைக் கோட்டுக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்கிறவள் நான். என் மகளுக்கு யாராவது எழுந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். சின்ன வயதில் ஸ்டேஷனுக்கே ஓடிவந்து வாய் ஓயாமல் பேசுகிற பெண். இந்த வருஷம் கதவு சாத்தியே இருக்கிறது. தட்டில் போட்ட சோறு பாதி அப்படியே வருகிறது. விரல் ஓரத்துத் தோலைப் பிய்த்துப் பிய்த்துப் புண்ணாக்கி வைத்திருக்கிறாள். நான் தினமும் வண்டியிலிருந்து போன் போட்டு, டெஸ்டில் எவ்வளவு, ரேங்க் எவ்வளவு என்று பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பங்காருப்பேட்டையில் காய் வாங்கினேன். வழக்கம்போல மடியில் பேப்பரை விரித்து உரிக்க ஆரம்பித்தவள், என்ன தோன்றியதோ, அப்படியே நிறுத்திவிட்டேன். உரித்ததையும் உரிக்காததையும் ஒன்றாகப் பையில் கொட்டி, காதுகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டேன். உன் சீட்டுக்காரி காதிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, "ஆன்ட்டி, உடம்பு சரியில்லையா?" என்றாள். அவள் மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது.

வீட்டில் கூடத்தில் பேப்பரை விரித்து, "கை வலிக்குது, கொஞ்சம் வாயேன்" என்று நிவியைக் கூப்பிட்டேன். வந்தாள். போனை ஒரு கையில் வைத்துக்கொண்டு உரிக்க முடியாதே, கீழே வைத்தாள். காய் பிளக்கிற சத்தம் மட்டும். எனக்கு வாய் நமநமவென்றது. நீ எப்படித்தான் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாயோ. பாதிகூட ஆகவில்லை, "நேத்து டெஸ்ட் இன்னா ஆச்சு?" என்று கேட்டுவிட்டேன். கையிலிருந்த காயைப் பேப்பரில் வைத்துவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மீதியை நானே உரித்து ஊறப்போட்டேன். உன் வித்தை என் வீட்டில் செல்லாது என்று உன்னையும் சேர்த்துத் திட்டினேன்.

நேற்று சாயங்காலம் நான் தனியாகப் பிதுக்கிக்கொண்டிருந்தேன். கூப்பிடவில்லை. தண்ணீர் குடிக்க வந்தவள் நின்றபடியே ஒன்றை எடுத்து அழுத்தினாள். பருப்பு தெறித்து நேராக என் மூக்குக் கண்ணாடியில் வந்து அடித்தது. எத்தனை மாதம் கழித்து அவள் சிரிப்பைக் கேட்கிறேன். உட்கார்ந்தாள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன், நிஜமாகவே கடித்துக்கொண்டேன். தாம்பாளத்தில் பாதி குறைந்திருக்கும், பருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மா, மார்க் வந்தாக்கூட எனக்கு மெடிக்கல் போவணும்னு இல்லமா."

நான் இன்னொரு பிடி அள்ளிப் போட்டேன்.

"கார்த்தால கண்ணு முழிச்சா, ஏன்டா முழிச்சோம்னு கீது. தெனமும்."

என் கை நின்றுவிட்டது. உன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், அந்த நேரம் டாக்டர் ஆசையும் இல்லை, மார்க்கும் இல்லை, பயம் மட்டும்தான் இருந்தது. இதற்கு மேல் சும்மா இருக்கக்கூடாது என்று பட்டது. நீயும் இருந்திருக்க மாட்டாய். அவள் முகத்தைப் பார்க்காமல், ஒரு கொட்டையை எடுத்துப் பிதுக்கிக்கொண்டே கேட்டேன். "செத்துப் போலாம்னு தோணுதாடி கண்ணு?"

அவளும் ஒன்றை எடுத்துப் பிதுக்கினாள். "சில நாளு" என்றாள். "எதுவும் செய்யலமா. ஆனா சில நாளு தோணுது."

அப்புறம் எல்லாம் வந்தது. தூக்கம் வராதது, புத்தகத்தைத் திறந்தால் நெஞ்சு படபடப்பது, என் போன் வருகிற நேரம் நெருங்கினாலே பாத்ரூமுக்குள் போய் நின்றுகொள்வது. ஆமாம், என் போன். நான் அழுதேன், ஆனால் கையை நிறுத்தவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் இருக்கிறார். "மூணாவது மாடி, லிஃப்ட்டுக்கு வலது பக்கம்." எத்தனை பேருக்குச் சிரித்த முகத்தோடு வழி சொல்லியிருக்கிறேன். என் வீட்டிலிருந்து ஒருத்தி அந்த வழியாகப் போக வேண்டியிருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. திங்கட்கிழமை என்னோடு வருகிறாயா என்று அவளைக் கேட்டேன். நீயும் உள்ளே வருவாயா என்றாள். நீ வரச்சொன்னால் வருகிறேன், வெளியே இருக்கச்சொன்னால் இருக்கிறேன் என்றேன். தலையாட்டினாள். ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "அப்ப இந்த வருஷம் போச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் சாப்பாட்டுப் பையை இறக்கி வைத்துவிட்டு, "சாப்ட்டாளா?" என்றார். அவள் கதவுத் தாழ்ப்பாளை அவரே ஸ்க்ரூ டிரைவரால் கழற்றிவைத்தார். அவளைக் கேட்டுவிட்டுத்தான்.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. நேற்று பேசிக்கொண்டே இருந்ததில் தாம்பாளம் காலியாகிவிட்டது. நான் பார்க்கவில்லை, அவள்தான் விரலால் துழாவிப் பார்த்தாள். தோல் மட்டும் கிடந்தது. எனக்கு உன் குரல் கேட்டது, முடிஞ்சிட்டா எழுந்து பூடுவான் என்று. அவள் எழுந்திருக்கவில்லை. காலி தாம்பாளத்துக்கு முன்னால் ஈரக்கையோடு அப்படியே என் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. நாளைக்கு அந்த டாக்டர் என்ன சொல்வார்? கோச்சிங்கை விட்டால் அவள் என்ன படிப்பாள்? அவளுக்கே தெரியவில்லை, இப்போதைக்குத் தெரிய வேண்டாம் என்று வாயால் சொல்லிவிட்டேன், மனசு கேட்க மாட்டேன் என்கிறது. இந்த சீசன் வேறு தை மாதத்தோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் அவரைக்காய் இல்லாத மாதங்களில் நீ கௌதமோடு எதை உரித்தாய்? பூண்டா, முருங்கைக்கீரையா? அதைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். வண்டியில் அத்தனை பேசினோம், அதை மட்டும் கேட்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நிவி சமையல்கட்டில் டப்பாக்களைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"மா, நாளைக்கு வண்டில போறப்போ உரிக்க எதனா இருக்குதா?"

ஓட்டோடு கொஞ்சம் வேர்க்கடலை இருந்தது. பையில் கொட்டி, காதுகளைச் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டு, செருப்புப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.