தாழந்திட்டுக்குப் போகும் கூரை வள்ளம்

மழை தவறாத மாவரை நாடு வாழ்க. அதன் மலைகளில் சுனை வற்றாதிருக்கட்டும்; உச்சிக்கோட்டையின் வாயிலில் முறை கேட்டு வந்தவர் மனம் வாடித் திரும்பாதிருக்கட்டும். ஏழு கணவாய்களைக் காப்பவரும், குறிஞ்சிக்கொடி உயர்த்தியவரும், எளியவர் சொல்லை இறுதிவரை கேட்பவருமான அரசி காந்தள்நங்கையார் திருமுன்னர், அவர் ஏவலால் கழிக்கூற்றத்துக் கடற்கரையில் தங்கியிருக்கும் துறைநாயகன் அதியூரன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை இது. 'நடந்ததை நடந்தபடி எழுதுக. நமக்கு இனிக்க வேண்டுமென்று ஒரு சொல்லையும் மாற்றாதே' என்று அரசியார் விடைகொடுத்தபோது பணித்தருளியதால், கடற்கரையார் பேச்சு சில இடங்களில் அவர்கள் பேசியபடியே இதில் நிற்கும். அதன் பொருட்டு நாயகனைப் பொறுத்தருள வேண்டும்.

அரசியாரின் தங்கை தளவநங்கையார் சிறுமியாக இருந்தபோது பெரியம்மை கண்டு கடற்கரைக்குக் கொண்டுபோகப்பட்டதும், அங்கேயே இறந்தார் என்று கோட்டைக்குச் சொல்லப்பட்டதும் நாடறிந்தவை. அவர் இறக்கவில்லை, அம்மை கண்டவர்களைக் கொண்டுபோய் இறக்கிவிடும் தாழந்திட்டு என்னும் தீவில் இன்றும் உயிரோடு இருக்கிறார் என்று உப்பு வணிகர் வழியே சென்ற கோடையில் செய்தி வந்தது. அன்றுமுதல் தாமே அத்தீவுக்குப் போய்த் தங்கையைக் காண்பதென்று அரசியார் உறுதி கொண்டார். அந்தக் கடல் மணல்திட்டுகள் நிறைந்தது, பெருங்கலம் தரைதட்டும். ஆகையால் கரையோரமாகத் துறை துறையாகத் தங்கிச் செல்லச் சிறு வள்ளம் ஒன்றை ஆயத்தம் செய்யவும், வழியைப் பார்த்துவரவும், வாடைக்காற்று தொடங்கி முகத்துவாரங்களில் அலை சீறுவதற்கு முன் போய்த் திரும்பும்படி பயணத்தை வகுக்கவும் நாயகன் ஏவப்பட்டான்.

நாயகனின் முதல் கவலை குடையைப் பற்றியதாக இருந்தது. அரசியார் வெண்குடையின்றி வெயிலில் அமர்வது முறையன்று. ஆனால் சிறு வள்ளத்தில் குடையை விரித்தால் ஒரு காற்றுக்கே அது பாய்போலப் புடைத்து வள்ளத்தைக் கவிழ்த்துவிடும். மலைநாட்டில் பிறந்து, ஆற்றுப் பரிசலுக்கு மேல் எதிலும் ஏறியறியாத நாயகன் இதைப் பலவாறு எண்ணி, வள்ளத்தின் நடுவில் தாழ்வாக ஓர் ஓலைக்கூரை வேய்ந்துவிட்டால் நிழலும் உண்டு, மதிப்பும் உண்டு, காற்றுக்கும் அஞ்ச வேண்டியதில்லை என்று முடிவுசெய்தான். அந்த யோசனையில் அவனுக்குச் சிறிது பெருமையும் இருந்தது.

உப்பூர்த்துறையில் வள்ளம் கட்டும் ஓடாவி கொம்பனிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. போகிறவர் யார் என்பதைக் காவல் கருதி நாயகன் சொல்லவில்லை. கோட்டையைச் சேர்ந்த ஓர் உயர்ந்தவர் என்று மட்டும் சொன்னான். கூரை என்ற சொல்லைக் கேட்டதும் கொம்பன் உளியைக் கீழே வைத்துவிட்டு நாயகன் முகத்தையே பார்த்தான். பிறகு, "ஆளு உக்காந்து வர்ற நெலயா, இல்ல படுத்துட்டாகளா?" என்று கேட்டான். போகிறவர் தம் விருப்பம்போல் இளைப்பாறுவார் என்று நாயகன் விடையிறுக்க, "சரி, படுத்துதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வேலையைத் தொடங்கினான்.

கூரை முடிந்தபோது அது ஒருவர் நீட்டிப் படுக்கும் அகலத்துக்கு மேல் ஒரு சாண்கூட இல்லை. உடன் ஒருவர் அமர இடமில்லையே என்று நாயகன் கடிந்துகொண்டான். "இதுக்குள்ள கூட உக்கார யாரு ஐயா வரப்போறாக?" என்று சொல்லிக் கொம்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வள்ளத்தின் முகப்பில் வேப்பங்குலை கட்டினான். துடுப்புக்கு அவன் தேர்ந்து கொடுத்த நால்வர் முகத்திலும் அம்மைத் தழும்பு இருந்தது. வேம்பை மங்கலம் என்றும், கொம்பனின் கண்ணீரைக் கோட்டையின்மேல் அவன் வைத்த பற்று என்றும் நாயகன் எடுத்துக்கொண்டான். தழும்புகளைப் பற்றி எதுவும் எண்ணவில்லை. சென்ற ஓலையில் கழிக்கூற்றத்தாரின் அன்பைப் புகழ்ந்து எழுதியது இதை வைத்தே.

வழி பார்த்துவர அக்கூரையின் கீழ் அமர்ந்து நாயகன் புறப்பட்டான். கரைக்கும் ஆழ்கடலுக்கும் நடுவே நீர் முழங்காலளவே உள்ள இடங்கள் பல. நிறம் பார்த்தே துடுப்புக்காரர் வழி அறிகிறார்கள். பச்சை கலங்கிப் பழுப்பானால் மணல், கறுத்தால் பாறை. துறைகளுக்கு இடையே குடிக்க நீர் கிடையாது; மணலைத் தோண்டினாலும் உப்பே ஊறுகிறது. ஆகவே ஒவ்வொரு துறையாரும் நீரும் இடமும் தந்தால்தான் இப்பயணம் நடக்கும் என்பதை அரசியார் மனங்கொள்ள வேண்டும்.

முதல் துறையில் வலை காய வைத்துக்கொண்டிருந்தவர்கள் வள்ளத்தைக் கண்டதும் வலையைப் போட்டது போட்டபடி விட்டு விலகிப் போனார்கள். மரியாதை கருதி வழிவிடுகிறார்கள் என்று எண்ணி நாயகன் கையுயர்த்தி வாழ்த்தினான். அடுத்ததான நண்டுத்துறையில் நீர் கேட்டபோது, நீண்ட கழியின் நுனியில் குடத்தைக் கட்டி நீட்டினார்கள். குடத்தைத் திருப்பித் தர வேண்டாம் என்றார்கள். அதற்குள் அலையில் வயிறு புரண்டிருந்த நாயகன் கூரைக்குள்ளிருந்து தலையை நீட்டி வாந்தியெடுத்தான். கரையில் நின்ற பெண்கள் வாயிலடித்துக்கொண்டனர். "ஏ ஆத்தா, முத்திப்போச்சே! யாரு பெத்த பிள்ளையோ, இப்படி ஒத்தையில போவுதே" என்று ஒருத்தி அழத் தொடங்க, "பிள்ளையா? மீசை நரைச்சுக் கெடக்கு, நல்லாப் பாருடி" என்று மற்றொருத்தி அவளை அடக்கினாள். இவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று நாயகன் துடுப்புக்காரரை வினவினான். நால்வரும் துடுப்பை முன்னிலும் வேகமாக வலித்தார்கள்.

கடைத்துறையில் அது விளங்கியது. அத்துறைக்குத் தலைவி வலம்புரியாள் என்னும் நடுவயதுப் பெண். எந்த வள்ளம் கரையேறலாம், எது ஏறலாகாது என்று தீர்ப்பது அவள் உரிமை. அவள் இடுப்பளவு நீரில் இறங்கி வந்து, கழியை வள்ளத்தின் முகப்பில் ஊன்றித் தடுத்து, "காய்ச்சல் கண்டு எத்தன நாளாச்சு? கொப்புளம் உடைஞ்சிருச்சா?" என்று கேட்டாள். சினங்கொண்ட நாயகன் கோட்டையின் இலச்சினையை எடுத்துக் காட்டித் தான் யார், எதற்கு வந்தான் என்று கூறினான். அவள் கழியை நழுவவிட்டுச் சிரித்த சிரிப்பை இவ்வோலையில் எழுத இயலாது. "சீக்கு இல்லாம கூரைக்குள்ள வந்து குந்துன மொத ஆளு நீருதான்வே" என்றாள்.

கழிக்கூற்றத்து வழக்கம் இது: இக்கடலில் அம்மை கண்டவரைத் தவிர வேறெவரும் கூரை போட்ட சிறுவள்ளத்தில் செல்வதில்லை. அதற்குத் துடுப்புப் பிடிப்பவர் அம்மை வந்து மீண்டவர். அதில் செல்பவரிடம் நோயைப் பற்றிப் பேசுவது கொடுமை என்று கருதுவதால் கொம்பனும் வாய் திறக்கவில்லை, துடுப்புக்காரரும் திறக்கவில்லை. கோட்டையார் கூரை கேட்கிறார்கள் என்றால் கோட்டையில் ஒருவருக்கு நோய் என்பதில் அவர்களுக்கு ஐயமே எழவில்லை.

கூரையைக் கழற்றி எறிந்தால் முடிந்தது என்று நாயகன் ஆறுதல் கொண்டான். வலம்புரியாள் அதற்கும் இடம் தரவில்லை. தாழந்திட்டில் வாழ்வோர் திறந்த வள்ளத்தைக் கண்டால் தாழைப்புதருக்குள் மறைந்துவிடுவார்கள் என்றாள். முன்னொரு காலத்தில் திறந்த வள்ளங்களில் வந்தவர்கள், நோய் தீர்ந்த திடகாத்திரமானவர்களைப் பிடித்து உப்பளத்து வேலைக்கு இழுத்துச் சென்றார்களாம். கூரை வள்ளம் வந்தால் மட்டும் தீவு முழுவதும் கரைக்கு ஓடி வரும். வருகிறவரைத் தூக்கி இறக்கி, கஞ்சி கொடுத்து, பிழைக்க வைக்கப் பாடுபடும்.

"அதுல முன்ன நிக்கிறவ கோட்டைக்காரி. மழையா இருந்தாலும் மார்பளவு தண்ணிக்குள்ள வந்து நிப்பா, மத்தவுக கையில விடமாட்டா. பேச்செல்லாம் அதிகாரந்தான், எங்கள ஏவுற மாதிரி மேல உள்ள சாமியையும் ஏவுவா" என்று வலம்புரியாள் சொன்னாள். கோட்டைக்காரி என்பது யார் என்று நாயகன் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஆட்களைத் தீவைச் சுற்றி நிறுத்தி அவரை அழைத்துவரலாமா என்று மட்டும் கேட்டான். அதற்கு அவள், "அன்னைக்குத் தூக்கிட்டு வந்து போட்டீக. இன்னைக்குத் தூக்கிட்டுப் போகப் போறீகளாக்கும்" என்று சொல்லிவிட்டுத் தன் கழியைத் தேடி எடுத்துக்கொண்டு நடந்தாள்.

இப்போது நாயகனை உறங்கவொட்டாமல் வாட்டும் இடர்கள் அரசியார் முன் வைக்கப்படுகின்றன. வள்ளம் போன வழியெல்லாம் பேச்சும் போயிற்று. கோட்டையில் அம்மை என்று தொடங்கியது, நாயகன் திரும்பி வருவதற்குள் அரசியாருக்கே அம்மை என்று வளர்ந்துவிட்டது. உப்பூர்ச் சந்தையில் இதைக் கேட்டு நின்றவர்களுள் இருவர் வடமலை வேளின் ஆட்கள். அரசியார்க்குப் பின் அரியணை தமக்கே என்று அவ்வேள் விருந்துகளில் பேசுவதை அரசியார் அறிவார். நோயென்ற சொல் போதும். அவர் படையோடு கணவாய் இறங்குவார்.

ஆகவே அரசியார் கூரையின்றித் திறந்த வள்ளத்தில், துறைதோறும் முகம் காட்டிச் செல்வாரானால், தழும்பில்லாத அம்முகத்தைக் கண்டு பேச்சு தானே அடங்கும், நீரும் கிடைக்கும், வாடைக்கு முன் திரும்பலாம். ஆனால் தாழந்திட்டில் மணலையும் தாழையையும் தவிர வேறெதையும் காணமாட்டார். கூரையின் கீழ் செல்வாரானால் தங்கையைக் காண்பார். ஆனால் கூரை வள்ளத்திலிருந்து அத்தீவில் கால்வைத்தவர் எவராயினும், ஒரு நிலவு தேய்ந்து மறுநிலவு நிறையும் வரை எந்தத் துறையும் அவரை ஏற்காது. அரசியே ஆனாலும் ஏற்கமாட்டேன் என்று வலம்புரியாள் தெளிவாகச் சொல்லிவிட்டாள். அந்த நிலவு நிறைவதற்குள் வாடை வந்துவிடும். வந்தால் தை பிறக்கும் வரை சிறுவள்ளம் கடலில் இறங்காது. மழைக்காலம் முழுவதும் அரியணை வெறுமையாகக் கிடக்கும். அரசியார் இருக்கிறாரா என்று கேட்பவர்க்கு நாயகனிடம் விடை இராது.

இரண்டையும் நிறுத்துப் பார்த்த நாயகன், அரசியார் இப்பயணத்தைக் கைவிட வேண்டும் என்று அடிபணிந்து வேண்டுகிறான். மாற்றாகத் தானே அக்கூரையின் கீழ் சென்று, தளவநங்கையாரைக் கண்டு, அரசியாரின் சொல்லைச் சேர்ப்பித்து, தை வரை அங்கேயே இருந்து வரச் சித்தமாக இருக்கிறான். நாயகனுக்கு நீந்தத் தெரியாது. கடலுக்கு அவன் அஞ்சுகிறான். அம்மையும் அவனுக்கு வந்ததில்லை. எனினும் போவான். அங்கே நாயகன் இறந்துபட்டால் வேறொரு நாயகனை அமர்த்திக்கொள்ளலாம்.

காற்று இன்னும் தென்புறமே நிற்கிறது. அது திரும்புவதற்கு முன் விடை வேண்டும். கொம்பனின் வள்ளம் கூரையோடு உப்பூர் மணலில் கிடக்கிறது. அதன் பக்கம் எவரும் போவதில்லை. அரசியார் ஆணை எதுவோ அதுவே நாயகன் செயல். மலைகள் நிலைத்திருப்பதுபோல் அரசியார் நிலைத்திருக்க. இது துறைநாயகன் அதியூரன், தன் மீன் இலச்சினை பதித்துக் கட்டியனுப்பிய ஓலை.

இதன் மறுபுறத்தில் அரசியார் தம் கைப்பட எழுதிக் கீழிறக்கிய ஆணை:

ஓலை கண்டோம். நாயகன் செல்ல வேண்டியதில்லை. மார்பளவு நீரில் அவள் வந்து நிற்கும்போது கூரைக்குள் நாயகனின் மீசையைக் காண்பது தகாது.

நாமே வருகிறோம். கடைத்துறை வரை கூரையும் வேண்டாம், குடையும் வேண்டாம். ஒவ்வொரு துறையிலும் இறங்கி, அவர்கள் குடத்தில் நீர் வாங்கிக் குடிப்போம். பார்க்க விரும்புவோர் பார்க்கட்டும், வடமலை வேளின் ஆட்களும் பார்க்கட்டும். பார்த்ததைப் போய்ச் சொல்லுமாறு அவர்களுக்கு வழிச்சோறும் கொடுக்க. கடைத்துறை தாண்டித் தாழந்திட்டு கண்ணுக்குத் தெரிந்ததும் கூரையைக் கட்டுக. அதன் கீழ் நாம் இருப்போம். வலம்புரியாளின் விதி நமக்கும் விதி. அதை எவரும் தளர்த்தக் கேட்கலாகாது.

தை வரை ஆணை மோதிரம் துறைநாயகன் அதியூரனிடம் இருக்கும். அஞ்சுகிறவன் காவலை நன்றாகப் பார்ப்பான் என்பது நம் கணிப்பு. கணவாய்கள் ஏழையும் இன்றே அடைக்க.

ஓடாவி கொம்பனை அழைத்து, போகிறவர் யார் என்பதை அவனிடம் சொல்க. அழுதால் அழட்டும். பிறகு அக்கூரையைப் பிரித்து, திரும்பும்போது இருவர் அருகருகே அமரும் அகலத்துக்கு வேயச் சொல்க.

இது நம் ஆணை. குறிஞ்சி இலச்சினை இட்டோம்.